போர் வேண்டாம் என்று சட்டம் போட்ட அமெரிக்கா, 1935–1941: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போருக்கு முன் அமெரிக்கா உலகத்தைக் கண்டுகொள்ளாமல் ஒதுங்கிக் கிடந்தது என்று பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடும். அந்த ஒதுங்கலுக்குப் பின்னால் ஷரத்து ஷரத்தாக எழுதிய சட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு ஷரத்தும் 1917இல் நடந்த ஒரு தவறு திரும்ப நடக்கக்கூடாது என்று வைத்த பூட்டு. வந்ததோ வேறு மாதிரியான போர். எந்தப் பூட்டு எங்கே போட்டார்கள், அது எப்படித் திறந்தது என்பதைப் பார்ப்போம்.

தனிமைவாதம் என்றால் உலகத்தோடு உறவே இல்லாமல் இருந்ததா?

இல்லை. 1920களில் அமெரிக்க வங்கிகளின் பணத்தில்தான் ஜெர்மனி நிமிர்ந்தது. ஜெர்மனியின் போர் நஷ்டஈட்டுத் தவணைகளை ஒழுங்குபடுத்திய 1924இன் டாஸ் திட்டம், 1929இன் யங் திட்டம் இரண்டுக்கும் அமெரிக்கர்கள்தான் தலைமை தாங்கினார்கள். 1921–22 வாஷிங்டன் மாநாட்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் ஆகியவற்றின் பெரிய போர்க்கப்பல்களுக்கு 5:5:3 என்ற விகிதத்தை வகுத்ததும் அமெரிக்காவே. பிலிப்பைன்ஸ் அதன் காலனியாக இருந்தது. ஹெய்டியில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் 1934 வரை முகாமிட்டிருந்தார்கள்.

ஒதுங்கியது ஒரே ஒரு விஷயத்திலிருந்து: ஐரோப்பாவின் போர்களிலிருந்தும், அந்தப் போர்களுக்கு இழுத்துப்போகும் ராணுவ ஒப்பந்தங்களிலிருந்தும். 1796இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவி விலகும்போது நிரந்தரக் கூட்டணிகள் வேண்டாம் என்று எழுதிவைத்ததை அவர்கள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவு கசப்பு எங்கிருந்து வந்தது?

முதல் உலகப் போரிலிருந்து. 1917 ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. ஒன்றரை ஆண்டுகளில் சுமார் 1,16,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது குண்டு அல்ல, பெரும்பாலும் விஷக் காய்ச்சல் போன்ற நோய்கள்தான். ஜனநாயகத்துக்காக என்று சொல்லி அனுப்பினார்கள். கிடைத்தது வெர்சாய் ஒப்பந்தமும், வராக் கடனும். நேச நாடுகள் அமெரிக்காவுக்குக் கொடுக்கவேண்டிய போர்க்கடன் சுமார் 1,000 கோடி டாலர். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஒவ்வொரு நாடாகக் கைவிரித்தது. பின்லாந்து மட்டும் தவணை தவறாமல் கட்டியது.

வங்கி முறிந்து வீடு இழந்து நின்ற ஒரு அமெரிக்க விவசாயிக்கு, கொடுத்த கடனையும் திருப்பித் தராத ஐரோப்பாவுக்காக மகனை இன்னொரு முறை அனுப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1937இல் காலப் கருத்துக்கணிப்பில் பத்துக்கு ஏழு பேர் 1917இல் போருக்குப் போனதே தவறு என்றார்கள். அந்த மனதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் காலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஜனாதிபதி வில்சன் உருவாக்கிய சர்வதேசச் சங்கத்தில் அமெரிக்காவே ஏன் சேரவில்லை?

சங்கம் வெர்சாய் ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. ஒப்பந்தம் எதுவானாலும் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சங்கத்தின் 10ஆவது ஷரத்து, உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவை காக்கவேண்டும் என்றது. போர் அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசிடமிருந்து நழுவும் என்று செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜ் நிபந்தனைகளைச் சேர்த்தார். வில்சன் ஒன்றையும் ஏற்கவில்லை. 1920 மார்ச் 19 அன்று நடந்த கடைசி வாக்கெடுப்பில் 49 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு. ஏழு வாக்குகள் குறைந்தன. 1935 ஜனவரியில் உலக நீதிமன்றத்தில் சேரும் தீர்மானமும் 52–36 என்று அதே ஏழு வாக்கில் தோற்றது.

நை குழு என்ன கண்டுபிடித்தது?

வட டகோட்டாவின் செனட்டர் ஜெரால்டு நை தலைமையில் 1934இல் அமைந்த செனட் குழு, முதல் உலகப் போரில் யார் சம்பாதித்தார்கள் என்று கணக்குப் புத்தகங்களைத் திறந்து பார்த்தது. வெடிமருந்து செய்த டூபான்ட் குடும்பத்தாரும் வங்கியாளர் ஜே. பி. மார்கனும் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்தார்கள். நாட்டை உலுக்கியவை இரண்டு எண்கள். 1915 முதல் 1917 ஏப்ரல் வரை நேச நாடுகளுக்கு அமெரிக்காவிலிருந்து போன கடன் சுமார் 230 கோடி டாலர். ஜெர்மனிக்குப் போனது 2.7 கோடி.

எண்கள் சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் கோணல். கடன் கொடுத்தவர்கள் அதைக் காப்பாற்றத்தான் போருக்குத் தள்ளினார்கள் என்று மக்கள் நம்பிவிட்டார்கள். குழு அதை நிரூபிக்கவில்லை. 1917இல் வில்சனின் கையைக் கட்டியது, அந்த ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மனி எல்லாக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளால் தாக்கத் தொடங்கியது. ஆனாலும் குழுவின் உழைப்பு வீண் அல்ல. ஆயுத வியாபாரத்தில் நடந்த லஞ்சமும் கொள்ளை லாபமும் வெளியே வந்தன. ஆயுதத் தொழிற்சாலைகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் முறை அதன் பிறகுதான் வந்தது.

1935 நடுநிலைச் சட்டம் நடைமுறையில் எப்படி வேலை செய்தது?

1935 ஆகஸ்ட் 31 அன்று கையெழுத்தானது. வரிசை இதுதான்.

இரண்டு நாடுகளுக்கு இடையே போர் நடக்கிறது என்று ஜனாதிபதி முதலில் பிரகடனம் செய்யவேண்டும். அது வந்தவுடன் இரு தரப்புக்கும் ஆயுத ஏற்றுமதி நின்றுவிடும். யார் தாக்கினார், யார் தாக்கப்பட்டார் என்று பார்க்க இடமில்லை. தாக்கியவனுக்கு மட்டும் தடை போட அதிகாரம் கொடுங்கள் என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கேட்டார், காங்கிரஸ் மறுத்தது. போர் இல்லாத நாட்டுக்கும் உரிமம் இல்லாமல் ஆயுதம் போகக்கூடாது. உற்பத்தியாளர் 500 டாலர் கட்டி ஆயுதக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். வாரியத்துக்கு வெளியுறவு அமைச்சர் தலைவர். தடையை மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை. போரிடும் நாட்டின் கப்பலில் பயணம் போகிற அமெரிக்கர் தன் சொந்தப் பொறுப்பில் போகவேண்டும்.

பயண ஷரத்து 1915இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த பிரிட்டிஷ் பயணிக் கப்பல் லூசிடேனியாவுக்குப் பதில். அந்தக் கப்பலோடு 128 அமெரிக்கர்கள் இறந்தார்கள். போரிடும் நாடுகளுக்குக் கடன் கூடாது என்று 1936 பிப்ரவரியில் சேர்த்தது மார்கனுக்குப் பதில். இந்த நோக்கில் படித்தால் சட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் பழைய காயம் ஒன்று தெரியும்.

எத்தியோப்பியா விஷயத்தில் சட்டம் பலித்ததா?

பாதி பலித்தது, அந்தப் பாதியால் பயனில்லை. 1935 அக்டோபர் 3 அன்று இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. இரண்டே நாளில் ரூஸ்வெல்ட் பிரகடனம் செய்தார். துப்பாக்கி, குண்டு, போர் விமானம் எல்லாம் நின்றன. ஆனால் பெட்ரோலும் லாரியும் எஃகும் ஆயுதப் பட்டியலில் இல்லை. முசோலினிக்கு வேண்டியிருந்ததோ பெட்ரோல்தான். மனசாட்சிப்படி விற்காதீர்கள் என்று அரசு வியாபாரிகளைக் கேட்டுக்கொண்டது. விற்பனை கூடத்தான் செய்தது.

ஸ்பெயினுக்காகத் தனியாக ஒரு தீர்மானம் எதற்கு?

1935, 1936 சட்டங்கள் நாடுகளுக்கு இடையேயான போரைப் பற்றியவை. உள்நாட்டுப் போரைத் தொடவில்லை. அந்த ஓட்டை வழியாக 1936 கடைசியில், பழைய விமானங்களும் இன்ஜின்களும் விற்கும் ஒரு வியாபாரி ஸ்பெயின் குடியரசுக்கு அனுப்ப உரிமம் வாங்கிவிட்டார். காங்கிரஸ் அவசர அவசரமாக ஓட்டையை அடைத்தது. செனட்டில் 81–0, பிரதிநிதிகள் சபையில் 406–1. அந்த ஒற்றை எதிர்ப்பு வாக்கு மின்னசோட்டாவின் ஜான் பெர்னார்டுடையது. அவர் சபையில் ஆட்சேபம் எழுப்பி நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தபோதே, கிடைத்த சரக்கை ஏற்றிக்கொண்டு மார் கன்டாப்ரிகோ என்ற கப்பல் நியூயார்க் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டது. அமெரிக்கக் கடல் எல்லையைத் தாண்டிவிட்டது. ஊர் போய்ச் சேரவில்லை. குடியரசுக்கு எதிராகக் கிளர்ந்த தளபதி ஃபிராங்கோவின் போர்க்கப்பல் மார்ச்சில் பிடித்துவிட்டது.

ஃபிராங்கோவுக்கு ஹிட்லரும் முசோலினியும் ஆயுதம் கொடுத்தார்கள். அமெரிக்கப் பெட்ரோலும் லாரிகளும் பட்டியலில் இல்லாததால் அவனுக்குப் போய்க்கொண்டே இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கு மட்டும் கதவு சாத்தியிருந்தது. இரு தரப்பையும் சமமாக நடத்தும் சட்டம், ஏற்கெனவே ஆயுதம் வைத்திருப்பவன் பக்கம்தான் சாயும். அந்தத் தடை தவறு என்று 1939 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டே தன் அமைச்சரவையில் ஒப்புக்கொண்டார். குடியரசு சாகும் தறுவாயில் இருந்தது அப்போது.

காசைக் கொடு, கப்பலில் ஏற்றிக்கொண்டு போ என்ற விதி எப்போது வந்தது?

1937 மே 1. ஆயுதம் அல்லாத பொருளைப் போரிடும் நாடு வாங்கலாம். ரொக்கமாகக் கொடுக்கவேண்டும், தன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். பருத்தி, தாமிரம், பெட்ரோல் விற்கும் வியாபாரமும் நடக்கும், அமெரிக்கக் கப்பல் மூழ்கும் ஆபத்தும் இருக்காது என்பது கணக்கு. இரண்டு ஆண்டுக்கு மட்டும் போட்ட விதி. போரிடும் நாட்டின் கப்பலில் பயணம் போவது இந்தச் சட்டத்தில்தான் குற்றமானது.

கடலை ஆள்பவனுக்கு மட்டுமே பலன் தரும் விதி இது. அட்லான்டிக்கில் அது பிரிட்டன். பசிபிக்கில் ஜப்பான்.

அப்படியானால் 1937இல் சீனாவின் கதி?

ஜூலை 7 அன்று மார்க்கோ போலோ பாலத்தில் சண்டை மூண்டது. சீனாவும் ஜப்பானும் முறைப்படி போர் அறிவிக்கவில்லை. ரூஸ்வெல்ட் பிரகடனத்தையே வெளியிடாமல் விட்டுவிட்டார். வெளியிட்டிருந்தால், கப்பலும் காசும் வைத்திருக்கும் ஜப்பானுக்கு வசதி. சீனாவுக்கு வழி அடைபடும். ஜனாதிபதி கண்டறிந்தால்தான் போர் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சட்டத்தைத் தூங்கவிட்டார். இதற்கு ஒரு விலை இருந்தது: ஜப்பானுக்கும் பழைய இரும்பும் பெட்ரோலும் தடையில்லாமல் போயின.

அந்த டிசம்பர் 12 அன்று யாங்சி ஆற்றில் அமெரிக்கப் பீரங்கிப் படகு பனாயை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஜப்பான் மன்னிப்புக் கேட்டு 22,14,007 டாலர் 36 சென்ட் நஷ்டஈடு கட்டியது. விவகாரம் அதோடு முடிந்தது.

போருக்குப் போவதற்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்ற லட்லோ திருத்தம் என்ன ஆனது?

இந்தியானாவின் லூயிஸ் லட்லோ கொண்டுவந்த அரசியல் சாசனத் திருத்தம் அது. நாடு நேரடியாகத் தாக்கப்பட்டாலொழிய, போர் அறிவிப்புக்கு நாடு தழுவிய பொதுவாக்கெடுப்பு வேண்டும். குழுவில் முடங்கிக் கிடந்த மசோதாவை அவைக்கு இழுக்க 218 கையெழுத்துகள் தேவை. பனாய் மூழ்கிய சூட்டோடு அந்தக் கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. படகை மூழ்கடித்த நாட்டின் மேல் கோபம் வரவேண்டிய நேரத்தில், அந்தப் படகுக்காகப் போர் வந்துவிடுமோ என்ற பயம்தான் வந்தது. 1938 ஜனவரி 10 அன்று விவாதத்துக்கே எடுக்கவேண்டாம் என்று 209–188இல் முடிவானது. 11 பேர் மாறியிருந்தால் விவாதத்துக்கு வந்திருக்கும்.

1939இல் போர் வந்தவுடன் சட்டம் எப்படி மாறியது?

ஜூலை மாதமே மாற்றிவிட ரூஸ்வெல்ட் பார்த்தார். வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் செனட்டர் வில்லியம் போரா, போர் வராது, வெளியுறவுத் துறையைவிட நல்ல தகவல் என்னிடம் இருக்கிறது என்றார். ஆறு வாரத்தில் போலந்தின் மேல் குண்டு விழுந்தது.

செப்டம்பர் 5 அன்று பழைய சட்டப்படி ஆயுதத் தடை அமலானது. பிரிட்டனும் பிரான்சும் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய விமானங்கள்கூட நின்றன. காங்கிரசைக் கூட்டி ஆறு வாரம் வாதாடி, நவம்பர் 4 அன்று புதிய சட்டம் வந்தது. ஆயுதமும் இனி ரொக்கத்துக்குக் கிடைக்கும். பதிலுக்குத் தனிமைவாதிகள் கேட்ட விலை பெரியது: பிரிட்டனைச் சுற்றிய கடல், வட கடல், பால்டிக் எல்லாம் போர் மண்டலமாயின, அமெரிக்கக் கப்பல் அங்கே போகக்கூடாது. சில கப்பல் முதலாளிகள் பனாமா கொடியை ஏற்றிக்கொண்டு ஓட்டினார்கள்.

சட்டம் எவ்வளவு நுணுக்கமாகப் பிடித்தது என்பதற்கு ஒரு காட்சி. பொருள் நாட்டைவிட்டுப் போகுமுன் அதன் உரிமை முழுதும் வாங்குபவர் பெயருக்கு மாறவேண்டும். அமெரிக்கர் ஒருவர் அதைப் போரிடும் நாட்டுக்குள் கொண்டுபோகக்கூடாது. கனடா போரில் இருந்தது. எனவே கலிபோர்னியாவில் செய்த குண்டுவீச்சு விமானத்தை அமெரிக்க விமானி வட டகோட்டாவின் பெம்பினா வரை ஓட்டிவந்து எல்லைக்குத் தெற்கே வயலில் இறக்குவார். அங்கிருந்து அதை எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துக் கொண்டுபோவார்கள். கனடா மண்ணில் சக்கரம் பட்ட பிறகு அந்த நாட்டு விமானி ஏறி ஓட்டிப்போவார். நையின் சொந்த மாநிலத்தில் நடந்தது இது.

இந்தக் கொள்கையால் அகதிகளுக்கு என்ன நேர்ந்தது?

1924 குடியேற்றச் சட்டம், 1890 கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டாரும் எத்தனை பேரோ அதில் 2% என்று கதவைக் குறுக்கியது. 1930களின் கடைசியில் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 பேர். 1939இல் ஜெர்மன் அகதிக் குழந்தைகள் 20,000 பேரை இந்த வரம்புக்கு மேல் அனுமதிக்கக் கேட்ட வாக்னர்–ராஜர்ஸ் மசோதா குழுவிலேயே மடிந்தது. அதே கோடையில் 937 பயணிகளோடு, அநேகமாக எல்லோரும் யூதர்கள், செயின்ட் லூயிஸ் கப்பல் கியூபாவில் இறங்கவிடாமல் ஃப்ளோரிடா கரையோரம் வந்து நின்றது. திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் 254 பேர் பிறகு நாஜிகள் கையில் மாண்டார்கள்.

போரில் இறங்காமல் இருப்பதற்கும் ஒரு குழந்தையை உள்ளே விடாமல் இருப்பதற்கும் சட்டப்படி எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் வெளியே நடப்பது நம் பாடு அல்ல என்ற எண்ணம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இந்தக் காலத்தின் கணக்கில் நம்மால் மன்னிக்கவே முடியாத பக்கம் இதுதான்.

தனிமைவாதிகள் எல்லோரும் நாஜி ஆதரவாளர்களா?

இல்லை, அப்படி எழுதுவது அநியாயம். மத்திய மேற்கு மாநிலங்களின் முற்போக்குவாதிகள், சோஷலிஸ்ட் கட்சியின் நார்மன் தாமஸ், மகனை இழந்த தாய்மார், பிரிட்டன் மேல் கசப்புள்ள ஐரிஷ் வம்சாவளியினர், ராபர்ட் டாஃப்ட் போன்ற குடியரசுக் கட்சியினர் எல்லோரும் ஒரே பந்தலில் நின்றார்கள். யூத வெறுப்பைக் கக்கிய வானொலிப் பாதிரியார் காக்லினும் அதே பந்தலில்தான் இருந்தார். அதுதான் அவர்களுக்கு வந்த வினை.

1940 செப்டம்பரில் யேல் சட்ட மாணவர்கள் தொடங்கிய, ‘அமெரிக்கா முதலில்’ என்ற போர் எதிர்ப்புக் குழு சுமார் எட்டு லட்சம் உறுப்பினர்களாக வளர்ந்தது. 1941 செப்டம்பர் 11 அன்று டி மாயின் நகரில் அதன் நட்சத்திரப் பேச்சாளரான விமானி சார்லஸ் லிண்ட்பர்க், நாட்டைப் போருக்குத் தள்ளுவோர் பிரிட்டிஷார், யூதர், ரூஸ்வெல்ட் அரசு என்று பேசினார். போரை எதிர்த்த பத்திரிகைகளே அவரைக் கண்டித்தன. குழு அந்த அடியிலிருந்து எழவில்லை.

50 போர்க்கப்பல்களை ரூஸ்வெல்ட் காங்கிரசைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தார்?

பண்டமாற்று. 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. பிரிட்டனுக்கு நீர்மூழ்கிகளை வேட்டையாடும் டெஸ்ட்ராயர்கள் வேண்டும். கடற்படைத் தலைவர் இது நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையில்லை என்று சான்று கொடுக்காமல் எந்தப் போர்க்கப்பலையும் கைமாற்றக்கூடாது என்று அப்போதுதான் காங்கிரஸ் சட்டம் போட்டிருந்தது. அட்டர்னி ஜெனரல் ராபர்ட் ஜாக்சன் வழி சொன்னார்: கப்பலுக்குப் பதில் தளங்கள் கிடைத்தால் மொத்தப் பாதுகாப்பு கூடுகிறதே, அந்த அடிப்படையில் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஸ்டார்க் சான்று தரலாம். செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு கேட்கும் ஒப்பந்தமாக இல்லாமல் நிர்வாக உடன்பாடாகச் செய்துகொண்டார்கள். செப்டம்பர் 2 அன்று உடன்பாடு கையெழுத்தானது. பகாமாஸ், ஜமைக்கா, ஆன்டிகுவா, செயின்ட் லூசியா, டிரினிடாட், பிரிட்டிஷ் கயானா ஆகிய இடங்களில் 99 ஆண்டுக் குத்தகையில் தளங்கள். நியூஃபவுண்ட்லாந்தும் பெர்முடாவும் இலவசம்.

கப்பல்கள் முதல் உலகப் போர்க் காலத்துப் பழசு. பலவற்றைப் பழுதுபார்த்துக் கடலில் விட மாதக்கணக்கானது.

கட்டாய ராணுவச் சேவை ஒரே வாக்கில் தப்பியது உண்மையா?

உண்மை, ஆனால் பாதிக் கதைதான் எல்லோரும் சொல்கிறார்கள். 1940 செப்டம்பர் 16 சட்டம் 12 மாதச் சேவை என்றது. மேற்கு அரைக்கோளத்தையும் அமெரிக்க ஆட்சிப் பகுதிகளையும் தாண்டி அனுப்பக்கூடாது என்றது. ஆண்டு முடியும் நேரத்தில் சேவையை 18 மாதம் நீட்டிக்கும் மசோதாவைத்தான் 1941 ஆகஸ்ட் 12 அன்று 203–202இல் நிறைவேற்றினார்கள். முடிவைப் படித்த கையோடு சபாநாயகர் சாம் ரேபர்ன் மறுபரிசீலனைக்கு இடம் கொடுக்காமல் சுத்தியலைத் தட்டிவிட்டார். முகாம்களின் சுவர்களில் வீரர்கள் சாக்பீஸால் ஒஹையோ என்று எழுதிவைத்திருந்தார்கள். மாநிலத்தின் பெயர் அல்ல. அக்டோபரில் மலையைத் தாண்டி ஓடிவிடுவோம் என்பதன் முதல் எழுத்துகள்.

தோற்றிருந்தால் ராணுவம் மறுநாளே கலைந்திருக்காது. முதலில் சேர்ந்தவர்கள் முதலில் வெளியேறி, மாதம் மாதமாகக் கரைந்திருக்கும்.

கடன்–குத்தகைச் சட்டம் கடன் தடையை எப்படித் தாண்டியது?

1940 கடைசியில் பிரிட்டனின் டாலர் கையிருப்பு வற்றியது. போரிடும் நாட்டுக்குக் கடன் கூடாது என்பது நடுநிலைச் சட்டம். பழைய பாக்கி வைத்த அரசுக்குக் கடன் கூடாது என்பது 1934இன் ஜான்சன் சட்டம். ஆகப் பணத்தைக் கொடுக்கவே வழியில்லை. ரூஸ்வெல்ட் பணத்தை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்தார். அமெரிக்க அரசு தன் செலவில் ஆயுதம் வாங்கும். எந்த நாட்டின் பாதுகாப்பு அமெரிக்கப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று ஜனாதிபதி கருதுகிறாரோ அதற்கு விற்கலாம், மாற்றலாம், குத்தகைக்கு விடலாம், இரவல் தரலாம்.

டிசம்பர் 17 அன்று பத்திரிகையாளர்களிடம் அவர் சொன்ன உவமை: பக்கத்து வீடு எரிகிறது, என் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைக் கேட்கிறான். 15 டாலர் கொடு என்று பேரமா பேசுவேன்? தீ அணைந்ததும் குழாய் திரும்பி வந்தால் போதும். இதற்கு டாஃப்ட் கொடுத்த பதிலும் கூர்மையானது: போர்த் தளவாடம் இரவல் கொடுப்பது சூயிங்கம் இரவல் கொடுப்பதுபோல, திரும்பி வாங்க யாருக்கும் மனம் வராது. டாஃப்ட் சொன்னதுதான் நடந்தது, பெரும்பாலானது திரும்பவில்லை.

மசோதாவுக்கு எச்.ஆர். 1776 என்று எண். செனட்டில் 60–31, 1941 மார்ச் 11 அன்று கையெழுத்து, முதல் ஒதுக்கீடு 700 கோடி டாலர். போர் முடியும்வரை எல்லா நாடுகளுக்கும் போனது ஏறக்குறைய 5,000 கோடி. மிஞ்சிய சரக்கைப் பிரிட்டன் டாலருக்கு 10 சென்ட் விலையில் எடுத்துக்கொண்டது. அதையும் போருக்குப் பிந்தைய கடனையும் சேர்த்துக் கடைசித் தவணை கட்டியது 2006 டிசம்பரில்.

பேர்ல் ஹார்பருக்கு முன்பே அமெரிக்கா போரில் இருந்ததா?

அட்லான்டிக்கில், ஆம். 1941 டிசம்பர் 7 அன்று ஹவாயின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கும் முன்பே அங்கே மோதல் நடந்தது. கொடுத்த சரக்கு கடலில் மூழ்கினால் என்ன பயன்? ஆகவே காவல் தேவைப்பட்டது. 1941 செப்டம்பர் 4 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் கிரீருக்கும் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக்கும் மோதல். கண்டவுடன் சுடு என்று உத்தரவு. கிரீர் அதற்கு முன் பிரிட்டிஷ் விமானத்தோடு சேர்ந்து அந்த நீர்மூழ்கியைத் துரத்திக்கொண்டிருந்ததை ரூஸ்வெல்ட் மக்களிடம் சொல்லவில்லை. நோக்கம் நியாயமானது, மறைத்தது தவறு. அக்டோபர் 31 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ரூபன் ஜேம்ஸ் மூழ்கி நூறு மாலுமிகள் இறந்தார்கள். நவம்பர் 17 அன்று காங்கிரஸ் கடைசிப் பூட்டுகளையும் திறந்தது: வணிகக் கப்பல்கள் ஆயுதம் தரிக்கலாம், போர் மண்டலத்துக்குள் போகலாம். அப்போதும் பிரதிநிதிகள் சபையில் 212–194தான்.

ஜப்பானுக்கு எண்ணெயை நிறுத்தியது யார்?

கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். 1940 செப்டம்பரில் பழைய இரும்புக்குத் தடை அறிவித்தார்கள். ஜப்பான் தென் இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும் 1941 ஜூலை 26 அன்று அதன் சொத்துகளை முடக்கினார்கள். ஜப்பானின் எண்ணெயில் சுமார் 80% அமெரிக்காவிலிருந்து போனது. ரூஸ்வெல்ட் முழுத் தடை போட நினைக்கவில்லை. ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்து உரிமம் கொடுக்கலாம் என்பது அவர் எண்ணம். உரிமம் கிடைத்தாலும் பணம் கட்ட முடக்கிய டாலரை விடுவிக்கவேண்டும். அதை விடுவிக்கும் குழுவில் வெளியுறவுத் துறை அதிகாரி டீன் அச்செசன் இருந்தார், விடுவிக்கவில்லை. ரூஸ்வெல்ட் சர்ச்சிலைச் சந்தித்துத் திரும்பி விஷயம் தெரியவருவதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. இனி தளர்த்தினால் பணிந்ததாகும் என்று அப்படியே விட்டார்கள்.

பேர்ல் ஹார்பர் தாக்குதல் ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே தெரியுமா?

தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடைத்துப் படித்தது ஜப்பானியத் தூதரகச் சங்கேதத்தை. தாக்குதல் திட்டம் அதில் வரவில்லை. போர் வரும் என்று தெரிந்து நவம்பர் 27 அன்று ஹவாய்க்கும் எச்சரிக்கை போனது. அடி தென்கிழக்கு ஆசியாவில் விழும் என்றுதான் எதிர்பார்த்தார்கள்.

இதில் இந்தியாவுக்கு என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் உண்டு. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியர் எவரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் சேர்த்தார். அதை எதிர்த்து சென்னையில் ராஜாஜி அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. இந்தியாவைப் பிடித்து வைத்திருக்கும் பிரிட்டனுக்காகவா ஜனநாயகப் போர் என்று அமெரிக்கத் தனிமைவாதிகள் கேட்டபோது ரூஸ்வெல்ட் தரப்பிடம் நல்ல பதில் இல்லை. 1941 ஆகஸ்டின் அட்லான்டிக் சாசனம், மக்கள் தங்கள் ஆட்சிமுறையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பேசியது. அடுத்த மாதமே சர்ச்சில், அது நாஜிகள் பிடித்த நாடுகளை மனதில் வைத்துச் சொன்னது, இந்தியாவுக்குப் பொருந்தாது என்றார். அந்தக் கேள்வி மட்டும் தனிமைவாதிகள் கேட்டவற்றில் கடைசிவரை பதில் இல்லாமலே நின்றது.

போர் வந்த பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?

டிசம்பர் 8 அன்று ஜப்பான் மேல் போர் அறிவிப்பு செனட்டில் 82–0, சபையில் 388–1. எதிர்த்தவர் மான்டானாவின் ஜெனட் ராங்கின். 1917இலும் எதிர்த்து வாக்களித்தவர். மூன்றாம் நாள் ஹிட்லரே அமெரிக்கா மேல் போர் அறிவித்தார். அதே நாட்களில் ‘அமெரிக்கா முதலில்’ குழு தன்னைக் கலைத்துக்கொண்டது.

நை 1944 தேர்தலில் தோற்றார். மிச்சிகனின் ஆர்தர் வாண்டன்பர்க் 1945 ஜனவரியில் செனட்டில் எழுந்து, தன் பழைய தனிமைவாத நிலையைக் கைவிட்டார். ஐ.நா. சாசனம் 1945 ஜூலை 28 அன்று 89–2இல் நிறைவேறியது. வெளியுறவுக் குழுவில் அதை எதிர்த்தவர் ஒரே ஒருவர்: 1919இல் வில்சனின் சங்கத்தை எதிர்த்துப் போராடிய, 1934இன் கடன் தடைச் சட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த கலிபோர்னியாவின் ஹைரம் ஜான்சன். அவர் ஆகஸ்ட் 6 அன்று, ஹிரோஷிமா மேல் குண்டு விழுந்த அதே நாளில், இறந்துபோனார்.